மகப்பேறு, பச்சிளங்குழந்தை, குழந்தைகள் செவிலியம்: எம்ஆர்பி தேர்வுக்கு எப்படித் திருப்பிப் படிப்பது?

நைட்டூட்டி_நிலா:

எல்லோருக்கும் வணக்கம். ஜிஎன்எம் முடித்துவிட்டு ஒரு தனியார் மருத்துவமனையில் பெரியவர்களுக்கான ஐசியூவில் வேலை பார்க்கிறேன். எம்ஆர்பி (தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) ஸ்டாஃப் நர்ஸ் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். மெடிக்கல் சர்ஜிக்கல், ஃபார்மகாலஜி எல்லாம் ட்யூட்டியிலேயே பழகிவிடுவதால் அந்தப் பக்கம் பயமில்லை. மகப்பேறும் பீடியாட்ரிக்ஸும்தான் ரொம்பப் பின்தங்கியிருக்கிறது, படித்து முடித்த பிறகு லேபர் ரூம் பக்கமே போனதில்லை.

பெரிய குழப்பம் என்னவென்றால் ஒரே கேள்விக்கு இரண்டு விடை. கருப்பையின் மேல்முனை தொப்புள் அளவுக்கு வருவது 20 வாரம் என்கிறது ஒரு கேள்வித்தொகுப்பு, 24 வாரம் என்கிறது நம் கல்லூரிப் புத்தகம். பிரசவத்தின் ஆக்டிவ் ஃபேஸ் (கருப்பை வாய் வேகமாக விரியும் கட்டம்) 4 செ.மீ.யில் தொடங்குகிறதா 5 செ.மீ.யிலா? அப்கார் (பிறந்த குழந்தையின் நிலைக்குப் போடும் மதிப்பெண்) எடுத்துவிட்டுத்தான் ரிசசிடேஷன் (மூச்சு வரவைக்கும் சிகிச்சை) தொடங்க வேண்டுமா? மேக்சல்ஃப் (எக்லாம்ப்சியா எனும் கர்ப்ப கால வலிப்புக்குத் தரும் மெக்னீசியம் சல்ஃபேட்) டோஸ் எத்தனை முறை படித்தாலும் மறுநாள் நினைவில் நிற்பதில்லை. குழந்தைகளுக்கு ஃப்ளூயிட் கணக்கு வந்தால் கை தானாக அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறது.

புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை படிக்க நேரமில்லை, நைட் ட்யூட்டி முடிந்து வந்தால் கண் சொருகுகிறது. இந்த மூன்று பாடத்தையும் எந்த வரிசையில், எப்படித் திருப்பிப் பார்ப்பது? லேபர் வார்டு, எஸ்என்சியூ (பச்சிளங்குழந்தைகள் சிறப்புப் பராமரிப்புப் பிரிவு), குழந்தைகள் வார்டில் இருப்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

லேபர்வார்டு_செவிலி:

நிலா, நான் அரசு மருத்துவமனை பிரசவ வார்டில் இருக்கிறேன், இந்தத் தேர்வை எழுதித்தான் வந்தேன். அத்தியாயம் அத்தியாயமாகப் படிக்காதே. ஒரே ஒரு கர்ப்பிணியை மனதில் வைத்துக்கொள். அவள் முதல்முறை ஓபிக்கு வந்து பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்குவதிலிருந்து பிரசவமாகி ஆறாவது வாரம் திரும்பி வருவது வரைக்கும் கூடவே போ. ஒவ்வொரு இடத்திலும் "இப்போது நான் முதலில் என்ன செய்வேன்" என்று கேட்டுக்கொள். கேள்வி எடுப்பவர்கள் பெரும்பாலும் அதைத்தான் கேட்கிறார்கள், எண்களும் அந்தச் செயலோடு சேர்த்துப் படித்தால் நிற்கும்.

முதலில் உன் குழப்பங்கள். 20ஆ 24ஆ என்றால் நம் இந்தியப் பாடப்புத்தகக் கணக்கு 24. 12 வாரத்தில் இடுப்பெலும்புக்குச் சற்று மேலே, 24இல் தொப்புள், 36இல் நெஞ்சுக்குழி, 40இல் மறுபடியும் 32 வார அளவுக்கு இறங்கும், ஏனென்றால் குழந்தையின் தலை இடுப்புக்குள் இறங்கிவிடும். 20 வாரம் என்பது அமெரிக்கப் புத்தகங்களின் கணக்கு, அங்கே டேப் வைத்து அளந்து எத்தனை செ.மீ.யோ அத்தனை வாரம் என்று பார்ப்பார்கள். எம்ஆர்பிக்கு 24ஐ வைத்துக்கொள், விருப்பத் தெரிவுகளில் 24 இல்லாமல் 20 மட்டும் இருந்தால் அதைப் போடு.

4 செ.மீ., 5 செ.மீ. இரண்டும் சரிதான், கேள்வி எந்தச் சார்ட்டைப் பற்றிக் கேட்கிறது என்று பார். மாற்றியமைக்கப்பட்ட பார்ட்டோகிராஃபில் (பிரசவ முன்னேற்றத்தைக் குறிக்கும் வரைபடம்) 4 செ.மீ.யிலிருந்து குறிப்போம், அலர்ட் கோடு மணிக்கு 1 செ.மீ. என்ற கணக்கு, அதிலிருந்து 4 மணி நேரம் தள்ளி ஆக்‌ஷன் கோடு. 2020இல் டபிள்யூஎச்ஓ கொண்டுவந்த லேபர் கேர் கைடு 5 செ.மீ.யில் தொடங்குகிறது. "பார்ட்டோகிராஃப்" என்று எழுதியிருந்தால் 4, "லேபர் கேர் கைடு" என்றால் 5.

மேக்சல்ஃப் உனக்கு நினைவில் நிற்காததற்குக் காரணம் கிராமாகவே படிக்கிறாய். ஆம்பூலாகப் படி. நமக்கு வரும் ஆம்பூல் 2 மி.லி., அதில் 1 கிராம் மருந்து, அதாவது 50 சதவீதம். ஐவி (ரத்தநாளம் வழி) லோடிங், அதாவது முதல் டோஸ், 4 கிராம் என்றால் 4 ஆம்பூல், 8 மி.லி. 20 மி.லி. சிரிஞ்சில் அந்த 8ஐ எடுத்துக்கொண்டு 12 மி.லி. டிஸ்டில்டு வாட்டரோ சலைனோ சேர்த்தால் 20 மி.லி. ஆகிவிடும், அதுதான் புத்தகத்தில் சொல்லும் 20 சதவீதக் கரைசல். அவசரப்படாமல் 5 நிமிடமாவது எடுத்து மெதுவாகப் போட வேண்டும். அப்புறம் ஒவ்வொரு பக்கப் பிட்டத்திலும் 5 கிராம், அதாவது 5 ஆம்பூல், 10 மி.லி., வலி தெரியாமலிருக்க அதோடு கொஞ்சம் லிக்னோகெய்ன். மொத்தம் 14 ஆம்பூல் உடைப்போம். உடைத்த கண்ணாடித் தலைகளை ட்ரேயில் எண்ணிப் பார்த்துத்தான் நாங்கள் சரிபார்ப்போம். 4 சேர்த்து 10, 14 கிராம், இதுதான் ப்ரிட்சார்டு முறை. பிறகு 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 5 கிராம், பக்கம் மாற்றி மாற்றி. கடைசி வலிப்பு அல்லது பிரசவம், எது பின்னால் வருகிறதோ அதிலிருந்து 24 மணி நேரம் வரை.

அடுத்த டோஸ் போடும் முன் மூன்று விஷயம் பார்க்காமல் ஊசியைத் தொடவே கூடாது. முழங்கால் ரிஃப்ளெக்ஸ் இருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறையாமல் இருக்கிறதா (சில புத்தகங்களில் 12 என்று இருக்கும், டபிள்யூஎச்ஓ கையேட்டில் 16), சிறுநீர் மணிக்கு 30 மி.லி.யாவது வருகிறதா. முதலில் போவது ரிஃப்ளெக்ஸ், அதற்குப் பிறகுதான் மூச்சு, அதற்கும் பிறகுதான் இதயம். அதனால் "நச்சுத்தன்மையின் முதல் அறிகுறி" என்று கேட்டால் ரிஃப்ளெக்ஸ். சிறுநீரை ஏன் பார்க்கிறோம் என்றால் மெக்னீசியம் வெளியேறும் வழி அது ஒன்றுதான், சிறுநீர் குறைந்தால் மருந்து உள்ளேயே தேங்கும். மாற்று மருந்து கால்சியம் குளுக்கோனேட் 10 சதவீதம் 10 மி.லி., மெதுவாக ஐவி. எங்கள் வார்டில் அது எக்லாம்ப்சியா ட்ரேயிலேயே இருக்கும்.

பிரசவத்துக்குப் பிறகான ரத்தப்போக்கில் கேள்வி கட்டாயம் வரும். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் ஆக்சிடோசின் 10 யூனிட் ஐஎம் (தசையில்), தொப்புள்கொடியை 1 முதல் 3 நிமிடம் கழித்துக் கட்டுவது, கட்டுப்பாடாகக் கொடியை இழுத்து நஞ்சை (ப்ளாசென்டா) எடுப்பது, பிறகு கருப்பை இறுகியிருக்கிறதா என்று கை வைத்துப் பார்ப்பது. இங்கே ஒரு சின்ன வித்தியாசத்தை வைத்துக் கேட்பார்கள். கருப்பை தளதளவென்று நடுவில் இருந்தால் முதலில் மசாஜ். மேலே ஏறி வலது பக்கம் சாய்ந்திருந்தால் முதலில் சிறுநீர்ப்பையைக் காலி செய்ய வேண்டும், நிறைந்த பை கருப்பையைத் தள்ளிக்கொண்டு இறுகவிடாமல் செய்கிறது. இறுகியிருந்தும் ரத்தம் வழிந்தால் கிழிசலைத் தேடு. கருப்பையை இறுக்கும் மருந்துகளில் மெத்தர்ஜின் உயர் ரத்த அழுத்தம் உள்ளவளுக்குக் கூடாது, கார்போப்ராஸ்ட் ஆஸ்துமா உள்ளவளுக்குக் கூடாது. ரத்தப்போக்கைக் குறைக்கும் ட்ரானெக்சாமிக் அமிலம் 1 கிராம் ஐவி, பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். வலியில்லாமல் பளிச்சென்ற சிவப்பு ரத்தம் என்றால் ப்ளாசென்டா ப்ரீவியா (நஞ்சு கருப்பை வாய்ப்பக்கம் இருப்பது), உள்பரிசோதனை செய்யவே கூடாது. வலியோடு வயிறு கட்டைபோல இறுகியிருந்தால் அப்ரப்ஷன் (நஞ்சு முன்கூட்டியே பிரிவது). கொடி வெளியே வந்துவிட்டால் அதை உள்ளே தள்ளாமல் குழந்தையின் தலையைக் கையால் மேலே தூக்கிப் பிடித்து அம்மாவை முழங்கால் மார்பு நிலையில் வை. வயிற்றுக் குழந்தையின் இதயத்துடிப்பு குறையும் வகைகளில் லேட் டிசெலரேஷன் நஞ்சுக்குப் போகும் ரத்தம் குறைவதால், எனவே ஆக்சிடோசினை நிறுத்து, இடது பக்கம் திருப்பிப் படுக்கவை. வேரியபிள் கொடி அழுத்தம், ஏர்லி தலை அழுத்தம். ஆர்ஹெச் நெகட்டிவ் அம்மாவுக்குப் பாசிட்டிவ் குழந்தை பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி டி 300 மைக்ரோகிராம்.

பயிற்றுநர்_சேலம்:

மேலே சொன்னதில் எனக்கு ஒரு மாற்றுக்கருத்து உண்டு. வார்டில் செய்வதை வைத்துப் படிப்பது நல்லதுதான், ஆனால் விடைக்குறிப்பு பாடப்புத்தகத்தை வைத்துத் தயாராகிறது. ரத்தப்போக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பாடப்புத்தக வரையறை சுகப்பிரசவத்தில் 500 மி.லி.க்கு மேல், சிசேரியனில் 1000 மி.லி.க்கு மேல். 2025இல் டபிள்யூஎச்ஓ வெளியிட்ட வழிகாட்டி 300 மி.லி. தாண்டி நாடியோ ரத்த அழுத்தமோ மாறியிருந்தாலே சிகிச்சையைத் தொடங்கச் சொல்கிறது. வேலைக்கு அது மிக முக்கியம், தேர்வில் "வரையறை என்ன" என்று கேட்டால் 500 தான். நிலா, ஒரு தாளில் "பழைய விடை, புதிய விடை" என்று இரண்டு பத்தி போட்டு இப்படி மாறியவற்றை மட்டும் எழுதி வையுங்கள். பத்துப் பன்னிரண்டு வரிக்கு மேல் வராது. குழப்பமெல்லாம் அந்த ஒரு தாளுக்குள் அடங்கிவிடும்.

லேபர்வார்டு_செவிலி:

நீங்கள் சொல்வது சரிதான் சார், அந்தத் தாள் நல்ல யோசனை. ஆனால் சூழ்நிலைக் கேள்விகள் இப்போது அதிகம் வருகின்றன, அதில் வரையறையை மட்டும் தெரிந்துகொண்டு போனால் நான்கு தெரிவுமே சரியாகத் தோன்றும். வரிசை தெரிந்தவளுக்குத்தான் எது முதல் என்று பிடிபடும்.

எஸ்என்சியூ_தோழி:

பச்சிளங்குழந்தை பகுதிக்கு நான் சொல்கிறேன்.

அப்கார் கேள்விக்கு நேரான பதில்: காத்திருக்கக் கூடாது. மயக்கவியல் மருத்துவர் வர்ஜீனியா அப்கார் 1952இல் அந்த மதிப்பெண்ணை உருவாக்கினார். அதை 1ஆம் நிமிடமும் 5ஆம் நிமிடமும் பார்க்கிறோம். ஆனால் மூச்சு விடாத குழந்தைக்கு முதல் நிமிடம் முடிவதற்குள்ளேயே பையும் மாஸ்க்கும் வைத்துக் காற்று கொடுத்திருக்க வேண்டும். என்எஸ்எஸ்கே (அரசின் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு) பயிற்சியில் இதைத்தான் பொன்னான நிமிடம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். மதிப்பெண் வருவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது, அதனால் ரிசசிடேஷன் தேவையா என்று தீர்மானிக்க அப்காரைப் பயன்படுத்துவதில்லை. ஐந்து அம்சமும் தெரிந்திருக்க வேண்டும்: இதயத்துடிப்பு, மூச்சு, தசை இறுக்கம், ரிஃப்ளெக்ஸ், நிறம். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2. உடம்பு ரோஜா நிறமாக, கை கால் மட்டும் நீலமாக இருந்தால் நிறத்துக்கு 1 என்பது அடிக்கடி வரும்.

வரிசையைப் பார். பிறந்ததும் துடை, ஈரத்துணியை எடுத்துவிட்டு உலர்ந்த துணி, தலையைச் சற்றே நீட்டிய நிலை, தேவைப்பட்டால் மட்டும் வாய், பிறகு மூக்கு உறிஞ்சு, முதுகைத் தடவித் தூண்டு. இவ்வளவுக்கும் மூச்சு வரவில்லையா, உடனே காற்று, நிமிடத்துக்கு 40 முதல் 60. மாஸ்க் வைத்துவிட்டால் போதாது, நெஞ்சு எழும்புகிறதா என்று பார். எழும்பவில்லையென்றால் பெரும்பாலும் கழுத்து நிலையோ மாஸ்க் பொருந்தாததோதான். நெஞ்சு எழும்பும்படி 30 நொடி காற்று கொடுத்த பிறகும் துடிப்பு 60க்குக் கீழே இருந்தால்தான் மார்பை அழுத்துவது, 3 அழுத்தத்துக்கு 1 மூச்சு. மலம் கலந்த பனிக்குட நீரில் பிறந்த குழந்தை வீரிட்டு அழுதால் உறிஞ்ச வேண்டியதே இல்லை. அழாத குழந்தைக்குக்கூட மூச்சுக்குழாயில் குழாய் விட்டு வழக்கமாக உறிஞ்சுவது இப்போது கிடையாது. இது பழைய புத்தகத்தில் வேறு மாதிரி இருக்கும், சேலம் சார் சொன்ன தாளில் எழுதிக்கொள்.

குளிர்ச்சியைப் பற்றிக் கொஞ்சம் நின்று படி, ஏனென்றால் எங்கள் யூனிட்டுக்கு வரும் குழந்தைகளில் பலருக்கு அதுதான் முதல் பிரச்சினை. சாதாரண வெப்பநிலை 36.5 முதல் 37.5. 36.0 முதல் 36.4 வரை குளிர் அழுத்தம், 32 முதல் 35.9 வரை மிதமானது, 32க்குக் கீழே கடுமையானது. பெரியவர்கள் நடுங்கிச் சூடு உண்டாக்கிக்கொள்கிறார்கள். இந்தக் குழந்தை நடுங்காது, பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூடு பெறும், அதற்குச் சர்க்கரையும் ஆக்சிஜனும் செலவாகும். அதனால் குளிர்ந்த குழந்தையின் பாதத்தைத் தொட்டதுமே க்ளூக்கோமீட்டரையும் எடு. சர்க்கரை 45க்குக் கீழே இருந்து அறிகுறியும் இருந்தால் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கிலோவுக்கு 2 மி.லி. நீ ஐசியூவில் 25, 50 சதவீதம் கொடுத்துப் பழகியிருப்பாய், இங்கே அந்த அளவு அடர்த்தி கூடாது. 24 மணி நேரமாவது குளிப்பாட்டக் கூடாது என்பதும் இதனால்தான்.

எடை குறைந்த குழந்தைக்குக் கங்காரு பராமரிப்பு. 2022இல் டபிள்யூஎச்ஓ இதை மாற்றியது. முன்பு குழந்தை நிலைப்பட்ட பிறகுதான் என்று இருந்தது, இப்போது பிறந்ததிலிருந்தே தொடங்கலாம், நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல். இந்த முறை 1970களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கியது என்பதையும் கேட்டிருக்கிறார்கள். 2500 கிராமுக்குக் கீழ், 1500க்குக் கீழ், 1000க்குக் கீழ் என்ற மூன்று பிரிவும் தெரிந்திருக்க வேண்டும், குறைமாதம் என்பது வேறு, எடைக்குறைவு என்பது வேறு.

மஞ்சள்காமாலையில் ஒரே ஒரு எல்லையை இறுக்கமாகப் பிடித்துக்கொள். முதல் 24 மணி நேரத்துக்குள் வந்தால் நோய்தான், மருத்துவரைக் கூப்பிடு. இயல்பானது 24 மணி நேரத்துக்குப் பிறகு வந்து நிறைமாதக் குழந்தைக்கு 4, 5ஆம் நாளில் உச்சமாகி இரண்டு வாரத்துக்குள் மறையும். உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளாக இருந்தால் எந்த நாளானாலும் ஆபத்து. விளக்கின் கீழ் வைக்கும்போது கண்ணை மூடு, டயப்பர் தவிர மற்ற துணியை எடு, தாய்ப்பால் அடிக்கடி கொடு, எடையும் சிறுநீரும் கவனி. "இளம் வெயிலில் காட்டினால் போதும்" என்று பாட்டிமார்கள் சொல்வது நம் ஊரில் வழக்கம், அதையே ஒரு தெரிவாக வைத்துக் கேட்டால் தவறு என்று அடையாளம் காண வேண்டும்.

தலை வீக்கம் இரண்டையும் சேர்த்துப் படி. கேப்புட் பிறக்கும்போதே இருக்கும், எலும்பு இணைப்பைத் தாண்டிப் பரவும், ஓரிரு நாளில் போய்விடும். செஃபால்ஹெமட்டோமா சில மணி நேரம் கழித்துத் தெரியும், இணைப்பைத் தாண்டாது, வாரக்கணக்கில் இருக்கும், அந்த ரத்தம் உடைவதால் மஞ்சளும் கூடும். வைட்டமின் கே 1 மி.கி. ஐஎம் தொடையின் முன்வெளிப் பக்கத்தில், 1000 கிராமுக்குக் கீழ் என்றால் 0.5 மி.கி.

பீடியாட்ரிக்_குமரன்:

குழந்தைகள் பாடத்துக்கு நான். பெரியவர்கள் ஐசியூவில் இருந்து வருபவர்கள் முதலில் ஒரு விஷயத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். பெரியவருக்கு இதயம் நின்று அதனால் மூச்சு நிற்பது அதிகம். குழந்தைக்குப் பெரும்பாலும் மூச்சு கெட்டு அதனால்தான் இதயம் நிற்கும். ரத்த அழுத்தம் குறைவது கடைசியில்தான் தெரியும், அதற்கு முன்பே துடிப்பு கூடியிருக்கும், கை கால் சில்லிட்டிருக்கும், கேப்பிலரி நிரம்ப 3 நொடிக்கு மேல் ஆகும். பிபி சரியாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. துடிப்பு மெதுவாவது குழந்தையிடம் மிக மோசமான அறிகுறி. 1 முதல் 10 வயது வரை சிஸ்டாலிக் கீழ் எல்லை 70 கூட்டல் வயதின் இருமடங்கு.

வேகமான மூச்சு எண்கள்: 2 மாதத்துக்குள் 60, 2 மாதம் முதல் 1 வயதுக்குள் 50, 1 முதல் 5 வயதுக்குள் 40, இவையும் இவற்றுக்கு மேலும். முழு நிமிடம் எண்ண வேண்டும், குழந்தை அழாமல் இருக்கும்போது, சட்டையைத் தூக்கிவிட்டு. 15 நொடி எண்ணி நாலால் பெருக்குவது இங்கே ஒத்துவராது.

ஃப்ளூயிட் கணக்கைத் தாண்டிப் போகாதே, அதில்தான் மதிப்பெண் எளிது. 10 மாதக் குழந்தை, 8 கிலோ, வயிற்றுப்போக்கு, மயங்கிக் கிடக்கிறது, தோலைக் கிள்ளிவிட்டால் மிக மெதுவாகத்தான் பழைய நிலைக்குப் போகிறது. கடுமையான நீரிழப்பு, ப்ளான் சி. கிலோவுக்கு 100 மி.லி. ரிங்கர் லாக்டேட், மொத்தம் 800. ஒரு வயதுக்குள் என்பதால் முதல் 30 பங்கு, அதாவது 240 மி.லி. ஒரு மணி நேரத்தில், மீதி 70 பங்கு, 560 மி.லி. 5 மணி நேரத்தில். ஒரு வயதுக்கு மேல் என்றால் அதே அளவு அரை மணியிலும் இரண்டரை மணியிலும். சொட்டாக மாற்று: 20 சொட்டுக்கு 1 மி.லி. செட்டில் 240 பெருக்கல் 20 வகுத்தல் 60, நிமிடத்துக்கு 80 சொட்டு. அடுத்த கட்டம் மணிக்கு 112 மி.லி., 37 சொட்டு. மைக்ரோ செட்டில் 1 மி.லி.க்கு 60 சொட்டு என்பதால் மணிக்கு எத்தனை மி.லி.யோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு, வகுக்கவே தேவையில்லை. இதை இரண்டு எடைக்கு நீயே போட்டுப் பார், பயம் போய்விடும்.

ஓரளவு நீரிழப்பு என்றால் ப்ளான் பி, கிலோவுக்கு 75 மி.லி. ஓஆர்எஸ் 4 மணி நேரத்தில். ஜிங்க் 14 நாள், 6 மாதத்துக்கு மேல் 20 மி.கி., 2 முதல் 6 மாதம் வரை 10 மி.கி. வயிற்றுப்போக்கு நின்றுவிட்டாலும் 14 நாளும் கொடுக்கச் சொல்ல வேண்டும், அம்மாக்கள் அதைத்தான் நிறுத்திவிடுகிறார்கள். கடும் ஊட்டச்சத்துக் குறைவுள்ள குழந்தைக்கு (மேல்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழ், அல்லது இரு பாதத்திலும் வீக்கம்) இந்தக் கணக்கை அப்படியே போடக் கூடாது, அந்த இதயம் தாங்காது. அங்கே முதலில் சர்க்கரையும் வெப்பமும், உணவு எஃப் 75இல் (சிகிச்சைக்கான பால் உணவு) தொடங்கிப் பிறகு எஃப் 100.

மருந்துக் கணக்கில் பாரசிட்டமால் ஒன்றே போதும், எல்லாம் புரிந்துவிடும். 8 கிலோவுக்குக் கிலோவுக்கு 15 மி.கி. என்றால் 120 மி.கி. அதே 120 மி.கி. 1 மி.லி.யில் 100 மி.கி. உள்ள டிராப்ஸ் பாட்டிலில் 1.2 மி.லி., 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப்பில் 4.8 மி.லி., 5 மி.லி.யில் 250 உள்ளதில் 2.4 மி.லி. மூன்றும் கடையில் கிடைக்கிறது, அட்டையின் நிறம்கூடக் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். "5 மி.லி. கொடுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் வீட்டில் எந்தப் பாட்டிலைத் திறப்பார்கள் என்று தெரியாது. டிராப்ஸில் 5 மி.லி. போனால் 500 மி.கி. டிஸ்சார்ஜ் சொல்லும்போது பாட்டிலைக் கையில் எடுத்து அளவைக் காட்டித்தான் அனுப்ப வேண்டும்.

"முதலில் என்ன" கேள்விகள்: எச்சில் வடித்துக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கும் குழந்தையின் தொண்டையைக் கட்டையால் அழுத்திப் பார்க்கவே கூடாது, எபிக்ளாட்டிடிஸாக (குரல்வளை மூடியின் வீக்கம்) இருந்தால் மூச்சு அடைத்துவிடும். டெட்ராலஜி (பிறவி இதயக் குறை) உள்ள குழந்தை அழுது நீலமானால் முழங்காலை மார்போடு சேர்த்துப் பிடி. டான்சில் ஆபரேஷன் முடிந்த குழந்தை அடிக்கடி விழுங்கிக்கொண்டே இருந்தால் ரத்தம் கசிகிறது. வில்ம்ஸ் கட்டி (சிறுநீரகப் புற்று) என்றால் வயிற்றை அமுக்காதே. முதுகில் மெனிங்கோமைலோசீல் (தண்டுவடம் பிதுங்கிய பை) என்றால் குப்புறப் படுக்கவைத்துச் சலைனில் நனைத்த ஸ்டெரைல் துணி. பிறந்த குழந்தை வாயில் நுரை தள்ளி, பால் கொடுத்ததும் இருமி நீலமானால் பால் கொடுப்பதை உடனே நிறுத்து, தலையை உயர்த்து, உறிஞ்சு.

நைட்டூட்டி_நிலா:

மூன்று பேருக்கும், சேலம் சாருக்கும் ரொம்ப நன்றி. ஆம்பூல் கணக்கை ஒரு தடவை எழுதிப் பார்த்தேன், புரிந்துவிட்டது. சொட்டுக் கணக்கும் 6 கிலோ, 12 கிலோவுக்குப் போட்டேன். 12 கிலோ, 2 வயது என்றால் அரை மணியில் 360 மி.லி., நிமிடத்துக்கு 240 சொட்டு வருகிறது, அதை எப்படி எண்ணுவது?

இன்னும் இரண்டு சந்தேகம். தடுப்பூசியில் வயது வரம்புக் கேள்விகள் குழப்புகின்றன, பிறந்ததும் போட வேண்டியதைத் தவறவிட்டால் எதுவரை போடலாம்? அப்புறம் சிபிஆரில் மார்பழுத்தத்துக்கும் மூச்சுக்கும் உள்ள விகிதம், எங்களுக்கு 30க்கு 2 தான் பழக்கம், குழந்தைக்கு 15க்கு 2, இங்கே 3க்கு 1 என்கிறார்கள், எது யாருக்கு?

விஎச்என்_அக்கா:

தடுப்பூசிக்கு நான் சொல்றேன்மா, ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை தோறும் இதே வேலைதான்.

பிறந்ததும் மூன்று: பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி), போலியோ ஜீரோ டோஸ், ஹெபடைட்டிஸ் பி. தவறினால் பிசிஜி ஒரு வயது முடியும் வரை, போலியோ ஜீரோ 15 நாள் வரை, ஹெபடைட்டிஸ் பி பிறப்பு டோஸ் 24 மணி நேரத்துக்குள் மட்டும். அந்த ஹெபடைட்டிஸில் ஏன் இவ்வளவு கறார் என்றால் அம்மாவிடமிருந்து பிரசவத்தின்போது வரும் தொற்றைத் தடுக்கத்தான் அது, நாள் கடந்தால் அந்தப் பயன் போய்விடும். பிறகு பென்டாவில் (ஐந்து நோய்க்கான ஒரே தடுப்பூசி) அது சேர்ந்தே வருகிறது. பிசிஜி இடது மேல்கையில் தோலுக்குள், ஒரு மாதத்துக்குள் 0.05 மி.லி., அதற்கு மேல் 0.1. பென்டா 6, 10, 14 வாரம். எம்ஆர் (தட்டம்மை, ரூபெல்லா) முதல் டோஸ் 9 மாதம் முடிந்து, இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள். வைட்டமின் ஏ முதல் டோஸ் 1 லட்சம் யூனிட், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம், 5 வயது வரை.

குளிர்சங்கிலியில் இரண்டு கேள்வி வரும். பென்டா, ஹெபடைட்டிஸ் பி, டிடி (டெட்டனஸ், டிப்தீரியா), பிசிவி (நிமோகாக்கல் தடுப்பூசி) உறைந்துவிட்டால் வீண், சந்தேகம் இருந்தால் குலுக்கிப் பார்க்கும் சோதனை. கரைத்த பிசிஜி, எம்ஆர் 4 மணி நேரத்துக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. நான்கு மணி ஆனதும் மருந்து மீதி இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுவோம். கரைத்த நேரத்தைக் குப்பியிலேயே எழுதி வைக்க வேண்டும்.

கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து மாத்திரை 60 மி.கி., ஃபோலிக் 500 மைக்ரோகிராம், நான்காவது மாதத்திலிருந்து 180 நாள், பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். கால்சியம் மாத்திரையையும் அதையும் ஒரே நேரத்தில் விழுங்கக் கூடாது, இரும்பு உடம்பில் சேராது. ஹீமோகுளோபின் 11க்குக் கீழ் ரத்தசோகை, 7க்குக் கீழ் கடுமை.

பீடியாட்ரிக்_குமரன்:

நிமிடத்துக்கு 240 சொட்டை யாராலும் எண்ண முடியாது, அந்த இடத்தில் 50 மி.லி. சிரிஞ்சால் உறிஞ்சித் தள்ளுவோம், அல்லது இன்ஃப்யூஷன் பம்ப் இருந்தால் மணிக்கு 720 என்று வைப்போம். அரை மணி ஆனதும் மணிக்கட்டில் நாடியைப் பார், இன்னும் மெலிதாக இருந்தால் அதே 30 பங்கை இன்னொரு தடவை. தேர்வில் சொட்டு கேட்டால் 240 என்றே எழுது.

சிபிஆர்: பிறந்தவுடன் லேபர் ரூமில் 3க்கு 1, ஏனென்றால் அந்தக் குழந்தைக்கு மூச்சுதான் பிரச்சினை, நிமிடத்துக்கு 90 அழுத்தம், 30 மூச்சு, மொத்தம் 120. அதற்குப் பிறகு, பருவ வயது வரும் வரை, நீ தனியாக இருந்தால் 30க்கு 2, இருவர் இருந்தால் 15க்கு 2. பெரியவருக்கு எத்தனை பேர் இருந்தாலும் 30க்கு 2. ஆழம் நெஞ்சின் மூன்றில் ஒரு பங்கு, கைக்குழந்தைக்குச் சுமார் 4 செ.மீ., பெரிய குழந்தைக்கு 5. கைக்குழந்தைக்கு நாடி மேல்கையின் உள்பக்கம் பார்க்க வேண்டும், கழுத்தில் தேடாதே, கழுத்து குட்டையாக இருப்பதால் விரலுக்குச் சிக்காது.